குதிரைக்குப் பித்தேற்றிய பூண்டு



தோட்டங்களில் ஆடு மாடு வளர்த்த பெரியவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. புதிதாக ஓரிடத்தில் மாட்டை மேய விடுமுன் அந்தத் தரையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பார்கள். எது புல், எது பூண்டு, எதை மாடு தின்னும், எதைத் தின்னக் கூடாது என்று காலால் விலக்கிப் பார்த்துவிட்டுத்தான் கயிற்றை அவிழ்ப்பார்கள். இந்தப் படிப்பு எந்தப் பள்ளியிலும் சொல்லித் தரப்பட்டதன்று. மாட்டைப் பறிகொடுத்தவன் கற்றுக்கொண்டான். அவனைப் பார்த்து மற்றவர்கள் கற்றுக்கொண்டார்கள்.

இப்படி ஒரு பூண்டை அடையாளங்காண ஒரு நாடே நூறாண்டுகளுக்கு மேல் பாடுபட்ட கதையை இன்று பேசுவோம். நாடு அமெரிக்கா. பூண்டின் பெயர் 'லோகோ'. ஸ்பானிய மொழியில் லோகோ என்றால் பைத்தியம். மெக்சிகோவிலிருந்து வந்த மாட்டுக்காரர்கள் வாயில் வழங்கிய சொல், அப்படியே ஆங்கிலத்திலும் ஒட்டிக்கொண்டது. பித்துப் பூண்டு என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

முதலில் அந்த நிலத்தைச் சற்றுக் கற்பனை செய்து பார்க்க வேண்டும். நமக்கு அது எளிதன்று. நம் பகுதியில் பெரும்பாலான இடங்களில் ஆண்டுக்கு 80 அங்குலத்துக்கு மேல் மழை பெய்கிறது. கொலராடோ மாநிலத்தின் கிழக்குப் பகுதியில் பெய்வது ஏறக்குறைய 15 அங்குலம்தான். அங்கே காடில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் கணுக்கால் உயரப் புல், இடையிடையே மணல், ஓயாத காற்று. கன்சாஸின் மேற்குப் பகுதி, நெப்ராஸ்காவின் மணற்குன்றுகள், டெக்சாஸின் வடமுனை, நியூ மெக்சிகோ எல்லாம் இதே சாயல்தான். இந்தப் புல்வெளியைப் 'பிரெய்ரி' என்பார்கள். நெடுங்காலம் காட்டெருமைகள் மேய்ந்த பூமி. 1870-களில் அந்த எருமைகளைக் கூட்டங்கூட்டமாகச் சுட்டுத் தள்ளிவிட்டு, தெற்கே டெக்சாஸிலிருந்து மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்தார்கள். இரயில் பாதையும் வந்தது. குதிரை இல்லாமல் அங்கே ஒரு வேலையும் நடக்காது. மாட்டை மேய்ப்பதும் குதிரையில்தான், ஊருக்குப் போவதும் குதிரையில்தான்.

அந்தக் குதிரைகளுக்குத்தான் பித்துப் பிடித்தது.

முதலில் மந்தையைவிட்டு ஒதுங்கி நிற்கும். கண் ஒளி இழக்கும். உரோமம் சடை விழுந்து முரடாகும். சிறு குச்சி ஒன்று வழியில் கிடந்தால் ஏதோ பெரிய மரம் கிடப்பதுபோல் காலை உயரத் தூக்கித் தாண்டும். தண்ணீர்த் தொட்டியில் வாயை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவிக்கும். சாதுவாக இருந்த குதிரை திடீரென்று மிரண்டு பாயும். ஓடும்போது எதிரே இருப்பது தெரியாதது போல் முட்டிக்கொள்ளும். நாளாக நாளாக எலும்பும் தோலுமாகிச் சாகும். மாடுகளும் ஆடுகளும் இதே வகையில் மெலிந்தன. சினை மாடுகள் கன்றை அரைகுறையாக ஈன்றன. கடனை வாங்கி மந்தை சேர்த்த குடியானவனின் நிலையை நாம் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு மாட்டை நம்பிப் பிள்ளைகளைப் படிக்க வைத்த குடும்பங்கள் நம் தோட்டங்களில் எத்தனையோ இருந்தன.

மாட்டுக்காரர்கள் ஒரே குரலில் ஒரு செடியைக் கைகாட்டினார்கள். ஆனால் கைகாட்டிய செடி ஒன்றா என்றால், இல்லை. இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

நம் நேயர்களுக்கு எளிதாய் விளங்க ஓர் ஒப்புமை சொல்வோம். இரப்பர்க் காட்டிலும் செம்பனைக் காட்டிலும் லாலாங் புல்லை அடக்குவதற்காகப் படரவிடும் கொடிகளைப் பார்த்திருப்பீர்கள். அவை அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. பித்துப் பூண்டும் அதே குடும்பந்தான். ஆனால் கொடியன்று, ஒரு முழ உயரத்துக்குள் நிற்கும் சிறு பூண்டு. இலை, அகத்தி இலைபோல் ஒரு காம்பின் இருபுறமும் சிற்றிலைகள் வரிசையாய் அமைந்தது. பூ, பயற்றம்பூவின் சாயல். காய் முற்றி உலர்ந்தால் உள்ளே விதைகள் கலகலவென்று ஒலிக்கும். நம் ஊர்க் கிலுகிலுப்பைச் செடியை நினைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலேயர்கூட இதற்குக் கிலுகிலுப்பைக் களை என்றே இன்னொரு பெயர் வைத்திருந்தார்கள். ஆணிவேர் ஆழமாகப் போகும். மழை பொய்த்துப் புல் கருகும் காலத்திலும் இது பச்சையாக நிற்பதற்கு அதுவே காரணம்.

இவற்றில் பேர்போனவை இரண்டு. ஒன்று, ஊதாப் பூப் பூக்கும் கம்பளிப் பூண்டு. இலையெல்லாம் பட்டுப்போல் மென்மயிர் போர்த்தியிருக்கும். 1820-இல் மேஜர் லாங் என்பவர் தலைமையில் மேற்கே சென்ற ஆய்வுப் பயணத்தில் எட்வின் ஜேம்ஸ் என்ற மருத்துவர் இதைப் பறித்து உலர்த்திக் கொண்டுவந்தார். 1827-இல் நியூயார்க்கின் தாவர அறிஞர் ஜான் டாரி இதற்கு அஸ்திரகாலஸ் மொல்லிஸ்ஸிமஸ் என்று பெயரிட்டார். மொல்லிஸ்ஸிமஸ் என்றால் மிக மிக மிருதுவானது என்று பொருள். தடவிப் பார்த்துப் பெயர் வைத்தார் போலும்! அதன் குணம் அப்போது யாருக்குத் தெரியும்?

மற்றொன்று ஆக்சிட்ரோபிஸ் என்னும் இனம். கிரேக்க மொழியில் கூரான படகடி என்று பொருள். பயற்றம்பூவைப் பிரித்துப் பார்த்தால் அடியில் இரண்டு இதழ்கள் ஒட்டிப் படகுபோல் இருப்பதைக் காணலாம். அந்தப் படகின் முனை மழுங்கியிருந்தால் அது அஸ்திரகாலஸ். சிறு மூக்குப்போல் நீட்டிக்கொண்டிருந்தால் ஆக்சிட்ரோபிஸ். அதோடு, ஆக்சிட்ரோபிஸில் பெரும்பாலும் தண்டு தெரியாது; இலையும் பூக்காம்பும் நேரே வேர்த்தலையிலிருந்து கிளம்பும். குதிரை மேலிருந்து பார்ப்பவனுக்கு இரண்டும் ஒன்றுதான். இறங்கி, குனிந்து, ஒரு பூவைக் கிள்ளி நகத்தால் பிளந்து பார்த்தால்தான் வேறுபாடு புலப்படும்.

செய்தி தலைநகர் வாஷிங்டன் வரை போய் எட்டியது. ஆனால் அதற்கு முன்னே கொலராடோ அரசாங்கம் அவசரப்பட்டுவிட்டது. 1881-இல் ஒரு சட்டம் போட்டு, பித்துப் பூண்டைத் தோண்டிக் கொண்டுவந்தால் இறாத்தலுக்கு ஒன்றரைக் காசு தருவதாக அறிவித்தது. ஏழை எளியவர்கள் கோணியும் கையுமாகக் கிளம்பினார்கள். 1885 வரை ஏறக்குறைய 200,000 டாலர் இப்படிக் கொடுத்தார்கள். கணக்குப் போட்டால் ஒரு கோடி இறாத்தலுக்கு மேல் வருகிறது. பூண்டு ஒழிந்ததா? இல்லை. இதன் விதை மண்ணுக்குள் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். நல்ல மழை விழுந்த ஆண்டில் முளைக்கும். பணந்தான் ஒழிந்தது, சட்டத்தை எடுத்துவிட்டார்கள். வேலைக்கு அலைந்தவர்கள் நாலு காசு பார்த்தார்கள் என்ற அளவில் நமக்கு அதில் வருத்தமில்லை.

இதற்கிடையில் படித்தவர்களிடையே பெரிய வழக்கு நடந்துகொண்டிருந்தது. செடியைக் கொண்டுபோய் இரசாயனக் கூடத்தில் அரைத்துப் பிழிந்து பார்த்தார்கள். நஞ்சு எதுவும் அகப்படவில்லை. கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் மருந்தியல் பேராசிரியர் சேயர் பல ஆண்டுகள் ஆராய்ந்துவிட்டு, செடியில் விஷம் இல்லை என்ற முடிவுக்கு வந்தார். அப்படியானால் மாடு ஏன் சாகிறது? பட்டினியால் என்றனர் சிலர். வயிற்றுப் புழுவால் என்றனர் வேறு சிலர். மாட்டுக்காரன் சொல்வது மூடநம்பிக்கை என்று பேசவும் ஆளிருந்தார்கள்.

அந்தச் சமயத்தில் கன்சாஸைச் சேர்ந்த ஒரு பெண் மருத்துவர், மேரி கேஜ் டே, வேறு வழியில் போனார். செடிக் கஷாயத்தைப் பாலில் கலந்து பூனைக்குட்டிகளுக்கு நாள்தோறும் கொடுத்தார். ஒரே வேளையில் கொல்லும் நஞ்சை அவர் தேடவில்லை. நாளடைவில் என்ன ஆகிறது என்று பார்த்தார். குட்டிகள் மெலிந்து, கால்கள் செயலிழந்து மடிந்தன. 1889-இல் இதை மருத்துவ இதழ் ஒன்றில் வெளியிட்டார். ஊரார் சொன்னதில் உண்மை உண்டு என்று சோதனை செய்து காட்டியவர்களில் முன்னோடி அவர். ஆனாலும் வழக்கு அதோடு முடியவில்லை. ஒரு மேற்கத்திய ஊர்ப் பெண் மருத்துவரின் சொல் பேராசிரியர்களின் சொல்லுக்கு முன் எவ்வளவு எடுபட்டிருக்கும் என்பதை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

1905-இல் அமெரிக்க விவசாய இலாகா ஒரு நல்ல காரியம் செய்தது. ஆராய்ச்சியைப் புல்வெளிக்கே கொண்டுபோனது. கொலராடோவில், பிக் சாண்டி என்னும் மணலாற்றின் அருகே, ஹியூகோ என்று ஒரு சிற்றூர். அங்கே சி. டுவைட் மார்ஷ் என்பவர் பொறுப்பில் ஒரு நிலையம் திறக்கப்பட்டது. வேலி கட்டிய மேய்ச்சலில் குதிரைகளையும் மாடுகளையும் ஆடுகளையும் விட்டு, எது எதை எவ்வளவு தின்கிறது என்று கூடவே இருந்து பார்த்தார்கள். பல பருவங்கள் இப்படிக் கழிந்தன.

விடை தெளிவாகவே வந்தது. பூண்டு தின்ற பிராணிகளுக்குப் பித்து வந்தது. வெள்ளைப் பூப் பூண்டு குதிரை, மாடு, ஆடு மூன்றையும் கெடுத்தது. ஊதாப் பூக் கம்பளிப் பூண்டில் பெரும்பாலும் குதிரைகளே சிக்கின. ஒரு நாள் தின்றால் ஒன்றுமில்லை. வாரக்கணக்கில் தின்ற பிறகுதான் அடையாளம் தெரியும். இரசாயனக் கூடத்தில் பல காலம் பிடிபடாமல் போனதற்கு ஒரு காரணம் இதுதான். மார்ஷ் இன்னொன்றையும் கவனித்தார். நல்ல புல் இருக்கும்போது பிராணிகள் இதை அதிகம் தொடுவதில்லை. பனிக்காலம் முடிந்து புல் இன்னும் தலைகாட்டாத வாரங்களில், தரையில் பச்சையாக நிற்பது இது ஒன்றுதான். பசித்த வாய் அங்கே போகிறது. போன வாய் பழகிவிடுகிறது. ஒன்றைப் பார்த்து மற்றொன்றும் தின்னத் தொடங்குகிறது. 1909-இல் அவருடைய அறிக்கை வெளிவந்தது. குடியானவர்களுக்கென்று எளிய நடையில் ஒரு சிறு பிரசுரமும் அதே ஆண்டில் அச்சாயிற்று.

குற்றவாளி செடி என்பது தீர்ந்தது. செடிக்குள் என்ன இருக்கிறது என்பது தீரவில்லை. மார்ஷின் காலத்திலேயே வாஷிங்டன் ஆய்வுக்கூடத்தில் ஆல்பர்ட் கிராஃபோர்ட் என்பவர், செடியின் சாம்பலில் பேரியம் என்ற உலோகம் இருப்பதைக் கண்டு 1908-இல் அதையே காரணமாக அறிவித்தார். நாலே ஆண்டுகள்தான். 1912-இல் மார்ஷும் வேறு இருவரும் சேர்ந்து மறுத்துவிட்டார்கள்; பேரியத்தைக் கொண்டு இந்த நோயை விளக்க முடியவில்லை. ஒரே இலாகாவுக்குள், கூட வேலை பார்த்தவரின் முடிவைக் கூச்சமின்றித் திருத்தி அச்சிட்டார்கள். இதை நாம் குறையாகச் சொல்லவில்லை.

1930-களில் குழப்பம் இன்னொரு பக்கத்திலிருந்து வந்தது. தென் டக்கோடாவிலும் வயோமிங்கிலும் குளம்பு கழன்று, உரோமம் உதிர்ந்து மாடுகள் வருந்தின. ஆராய்ந்தபோது மண்ணில் செலினியம் என்ற பொருள் இருப்பதும், சில அஸ்திரகாலஸ் பூண்டுகள் அதை உறிஞ்சித் தம் உடலில் சேர்த்து வைப்பதும் தெரியவந்தன. வயோமிங் பல்கலைக்கழகத்தின் ஆர்வில் பீத் இதில் பெரும்பணி செய்தவர். அத்தகைய செடிகளுக்கு அருகில் போனாலே கெட்ட வாடை அடிக்கும். ஆக, ஒரே இனத்துக்குள் சில செலினியத்தால் கொல்கின்றன, சில பித்தேற்றுகின்றன, பல எந்தத் தீங்கும் செய்யாத நல்ல தீவனம். உலகில் அஸ்திரகாலஸ் இனத்தில் 2,000-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டென்றால், பெயரை மட்டும் வைத்துக்கொண்டு எதைத் தீர்மானிப்பது?

பித்துக்குக் காரணம் கடைசியில் ஆஸ்திரேலியாவில் அகப்பட்டது. அங்கும் அவரைக் குடும்பத்தில் ஸ்வைன்சோனா என்று ஒரு காட்டுப் பூண்டு உண்டு. அதைத் தின்ற ஆடுகளும் தள்ளாடின. 1970-இல் இரு நாட்டு ஆய்வாளர்களும் நோயுற்ற ஆடுகளின் உறுப்புகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது, இரண்டும் ஒரே மாதிரி இருந்தன. உடலின் சிற்றறைகள் நுரைத்தாற்போல் குமிழி குமிழியாய் ஊதியிருந்தன. இதே குமிழிகள் வேறோரிடத்திலும் காணப்பட்டவைதாம். பிறவியிலேயே ஒரு நொதிப்பொருள் இல்லாமல் பிறக்கும் சில ஆங்கஸ் இனக் கன்றுகளிடம் இருந்தவை அவை. மேனோசிடேஸ் என்னும் அந்த நொதி, சிற்றறைக்குள் பழசாகிப்போன சர்க்கரைச் சங்கிலிகளை அறுத்து அப்புறப்படுத்தும் வேலையைச் செய்கிறது. லயத்தில் குப்பை அள்ளுபவர் ஒரு வாரம் வராவிட்டால் என்ன ஆகுமோ, அந்த நொதி இல்லாவிட்டால் சிற்றறைக்குள் அதுதான் ஆகிறது. மூளையின் சிற்றறைகள் அடைபடும்போது குச்சி மரமாய்த் தெரிகிறது.

அப்படியானால் செடியில் உள்ள ஏதோ ஒன்று இந்த நொதியைத் தடுக்கிறது என்று பெர்த் நகரின் மர்டாக் பல்கலைக்கழகத்தார் யூகித்தார்கள். 1979-இல் அதைப் பிரித்தெடுத்தும் விட்டார்கள். செடியின் பெயரையே கொண்டு ஸ்வைன்சோனின் என்றார்கள். 1982-இல் ரஸ்ஸல் மாலினூ, லின் ஜேம்ஸ் என்ற அமெரிக்க அறிஞர்கள் அதே பொருளைத் தங்கள் நாட்டுப் புள்ளிப் பித்துப் பூண்டிலும் கண்டுபிடித்தார்கள். கொலராடோவில் கோணி கோணியாய்த் தோண்டி நூறாண்டு கழிந்திருந்தது.

இத்தோடு கதை முடிந்தது என்று அந்தக் காலத்தில் யாரும் சொல்லியிருந்தால் தவறாயிருக்கும். ஒரே வயலில், ஒரே வகைப் பூண்டில், ஒரு செடியில் நஞ்சு மிகுதியாகவும் அடுத்ததில் ஏறக்குறைய இல்லாமலும் இருந்தது. ஏன்? 2003-இல் நியூ மெக்சிகோ மாநிலப் பல்கலைக்கழகத்தார் விடை சொன்னார்கள். நஞ்சைச் செய்வது செடியே அன்று. செடிக்குள் குடியிருக்கும் ஒரு பூசணம். வெளியே எந்தப் புள்ளியும் அழுகலும் தெரியாது. விதையின் தோலில் ஒட்டிக்கொண்டு தாய்ச் செடியிலிருந்து பிள்ளைச் செடிக்குப் போகிறது. விதைத்தோலை நீக்கிவிட்டு முளைக்க வைத்தபோது பூசணமும் இல்லை, நஞ்சும் இல்லை. சேயர் போன்றவர்கள் நஞ்சைக் காணாமல் போனதற்கு அவர்கள் கையில் கிடைத்த செடிகளும் ஓரளவு காரணமாயிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

இன்னொரு வேடிக்கை. 1814-இல் ஃபிரெடரிக் பர்ஷ் என்பவர் இலண்டனில் தம் புரவலர் லாம்பர்ட்டின் பெயரால் ஆக்சிட்ரோபிஸ் லாம்பர்ட்டி என்று ஒரு பூண்டுக்குப் பெயரிட்டிருந்தார். செவ்வூதாப் பூப் பூப்பது. பித்துப் பூண்டு என்றாலே நெடுங்காலம் நூல்களில் முதலில் நின்ற பெயர்களில் அது ஒன்று. வெள்ளைப் பூப் பூக்கும் அதன் உறவினத்தையும் பலர் இதே பெயரில் சேர்த்து எழுதிவிட்டார்கள். பின்னாளில் பல மாநிலங்களிலிருந்து லாம்பர்ட் பூண்டைச் சேகரித்துச் சோதித்தபோது, தென்மேற்கில் வளரும் ஒரு பிரிவில் மட்டுமே நஞ்சு குறிப்பிடத்தக்க அளவில் இருந்தது. பிரெய்ரியில் வளர்வதில் பெரும்பாலும் இல்லை. வெள்ளைப் பூப் பூண்டு செய்த கொலைக்கு அதன் தலையிலும் பழி விழுந்திருந்தது. இரண்டையும் பிரித்தறிய இலையின் மயிரைப் பூதக்கண்ணாடியில் பார்க்க வேண்டும். வெள்ளையில் மயிர் அடியில் பற்றி நிமிர்ந்து நிற்கும்; லாம்பர்ட்டில் நடுவில் பற்றித் தராசுக் கோல்போல் இருபுறமும் நீளும். இரண்டும் அருகருகே வளர்ந்தால் கலந்து கலப்பினமும் தோன்றும் என்பதால் கைதேர்ந்தவர்களும் சில சமயம் தடுமாறுவதுண்டு.

நம் பக்கத்திலும் இதைப்போல் ஒன்று நடந்தது. 1980-களில் மலேசியாவில் செம்மறியாடுகள் வளர்ப்பது பரவியபோது, தீவனத்துக்கென்று கொண்டுவந்து நட்ட சிக்னல் புல்லைத் தின்ற ஆடுகள் ஈரல் கெட்டு, மஞ்சள் பூத்து, வெயில் பட்ட தோல் வெந்து வருந்தின. அதே புல்லை மாடுகள் ஓரளவு தாங்கிக்கொண்டன. அங்கும் முதலில் பூசணத்தின் மேல்தான் ஐயம் எழுந்தது. ஆனால் இந்தத் தடவை புல்லுக்குள்ளேயே இருந்த சப்போனின் என்னும் பொருள்தான் காரணமென்று செர்டாங் விவசாயப் பல்கலைக்கழக ஆய்வுகள் காட்டின. அதைத் தனியே ஒரு நாள் பேசலாம்.

பித்துப் பூண்டுக்கு இன்றும் மருந்தில்லை. காலத்தோடு மேய்ச்சலை மாற்றினால் மாடும் ஆடும் பெரும்பாலும் தேறி உடம்பு வைக்கும். குதிரை தேறினாலும் அதன் மேல் நம்பி ஏற முடியாது. எப்போது மிரளும் என்று தெரியாது. களைக்கொல்லி அடிக்கலாம், பரந்த புல்வெளிக்கு அது கட்டுப்படியாகாது. சில ஆண்டுகளில் ஒரு கூன்வண்டின் புழு கம்பளிப் பூண்டின் வேரைக் குடைந்து ஏக்கர் ஏக்கராய்ச் சாய்த்துவிடும். மறு மழையில் விதை முளைக்கும். ஆகவே கொலராடோவிலும் நியூ மெக்சிகோவிலும் மந்தை வைத்திருப்பவர்கள் இளவேனில் தொடக்கத்தில் மேய்ச்சலைச் சுற்றிப் பார்க்கிறார்கள். எந்தச் சரிவில் பூண்டு மிகுதி, எங்கே புல் நிமிர்ந்துவிட்டது என்று குறித்துக்கொள்கிறார்கள். புல் வரும்வரை மந்தையை வேறிடத்தில் நிறுத்தி உலர்ந்த தீவனம் போடுகிறார்கள். கூட்டத்தில் ஒரு மாடு பூண்டைக் கடிக்கக் கண்டால், மற்றவை பார்த்துப் பழகுமுன் அதை மட்டும் ஓட்டிக்கொண்டு போய்த் தனியே அடைத்துவிடுகிறார்கள்.